100 வீட்டுக்கு 17 வீடு போதுமாம்!

வடக்குவாசல்:
“100 வீடு, போர்டில் (சங்க நிர்வாகக் குழுவில்) 5 இடம். 17 வீட்டுக்காரர்கள் ஒன்றாக நின்றால் ஓர் இடம் உறுதி” என்று நேற்று ஒரு மேதை இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கைதட்ட நான்கு பேர் வேறு. ஐந்தில் ஓர் இடம் வேண்டுமென்றால் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாமா? 21 வீடு வேண்டும். கலிஃபோர்னியாவில் புதிதாக வீடு வாங்கி எச்.ஓ.ஏ. என்னும் வீட்டு உரிமையாளர் சங்கத்திடம் மாட்டிக்கொண்டவர்களைத் தப்புக்கணக்கு சொல்லித் தேர்தலில் இறக்கிவிடாதீர்கள்.

பழைய பொருளாளர்:
அந்த மேதை அடியேன்தான். குவித்துப் போடும் முறையில் வீட்டுக்கு 5 வாக்கு. ஐந்தையும் ஒருவருக்கே போடலாம். 17 வீடு போட்டால் 85. மீதி 83 வீட்டின் கையில் 415. அதை ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 83. எது பெரிது?

வடக்குவாசல்:
சமமாகப் பங்கிடுவார்கள் என்று உங்களிடம் வந்து சொன்னார்களா?

பழைய பொருளாளர்:
சமமாகப் பங்கிடாவிட்டால் உங்கள் பாடு இன்னும் மோசம். ஒருவருக்கு ஏற்றினால் இன்னொருவருக்கு இறங்கும். ஐந்து பேரும் எங்கள் ஆளை முந்த ஆளுக்கு 86 வேண்டும், மொத்தம் 430. உங்களிடம் இருப்பது 415. 16 வீடு என்றால் 80 வாக்குதான், எதிரில் ஆளுக்கு 84, தோற்றுவிடுவோம். அதனால்தான் 17 என்றேன்.

சான்ரமோன்வாசி:
எங்கள் சங்கத்தில் ஒரு வேட்பாளருக்கு ஒரு வாக்குக்கு மேல் போடவே முடியாதே? நீங்கள் எந்த முறையைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

வடக்குவாசல்:
நல்ல கேள்வி. ஆனால் எந்த முறையானாலும் 21தான். 20 சதவீதம் என்று சட்டத்திலேயே போட்டிருக்கிறது.

பழைய பொருளாளர்:
அது கோரம் ஐயா, தேர்தல் செல்லக் குறைந்தபட்சம் எத்தனை பேர் பங்கேற்க வேண்டும் என்கிற அளவு! முதல் கூட்டத்தில் கோரம் சேராமல் தள்ளிவைத்தால், மறுகூட்டத்துக்கு 20 சதவீதம் போதும் என்று 2024 முதல் வந்த திருத்தம். அதற்கும் ஜெயிக்கிற கணக்குக்கும் என்ன சம்பந்தம்? 60 வீடுதான் வாக்களித்தது என்றால் 11 வீடே போதும். போட்டுப் பாருங்கள்: 55க்கு எதிரே 49.

மீனலோசனி:
ஐந்து இடமும் ஒரே ஆண்டில் காலியாகிறதா? எங்கள் சங்கத்தில் ஓர் ஆண்டு 3, மறு ஆண்டு 2. இரண்டே இடம் என்றால் வீட்டுக்கு 2 வாக்குதான். 34 வீடு சேர்ந்தால்தான் ஓர் இடம் உறுதி. சிறுபான்மையை வெளியே நிறுத்தப் பல போர்டுகள் செய்கிற வேலையே இதுதான்.

வடக்குவாசல்:
ஆக, 17 தவறு. நன்றி அம்மா.

மீனலோசனி:
21ம் தவறுதான்.

வடக்குவாசல்:
21 குறைந்தபட்சம் என்றுதானே சொன்னேன்.

பழைய பொருளாளர்:
எங்கே சொன்னீர்கள்? மேலே போய்ப் படியுங்கள். 5 இடம் என்று நான் தெளிவாக எழுதியிருக்கிறேன். 5 இடத்துக்கு 17. அப்படி வந்தவரை நீக்குவதும் சுலபமில்லை. அவரை வைத்துக்கொள்ளச் சொல்லி விழும் வாக்குகள் குவிப்பு முறையில் அவரைத் தேர்ந்தெடுக்கப் போதுமானவையாக இருந்தால் நீக்கம் செல்லாது. இதெல்லாம் சங்கத்தின் விதித்தொகுப்பான பைலாவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வடக்குவாசல்:
பைலா பற்றி நீங்களா பேசுவது? நீங்கள் பொருளாளராக இருந்தபோது சந்தா பாக்கி வைத்தவர்களுக்கெல்லாம் வாக்குச்சீட்டு போனதே!

பழைய பொருளாளர்:
போகத்தான் வேண்டும். பாக்கியைக் காரணம் காட்டிச் சீட்டை மறுக்கக் கூடாது என்று 2020 முதல் சட்டம். பாக்கிக்காரர் வேட்பாளராக நிற்பதைத்தான் தடுக்கலாம். உங்களுக்கு எரிச்சல் அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். உள்ளுறையை ஒட்டி, வெளியுறையில் பெயர் எழுதி, முகவரி எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல் அனுப்பினீர்களே, அந்த உறை மேசையின் ஓரத்தில் பிரிக்கப்படாமல் தனியாகக் கிடந்தது. அந்தக் கோபம்.

வடக்குவாசல்:
ஓரமாக ஒதுக்கச் சொன்னது யார் என்று தெருவுக்கே தெரியும்.

பழைய பொருளாளர்:
தேர்தல் ஆய்வாளர் ஒதுக்கினார். நான் அந்த அறையிலேயே இல்லை.

மீனலோசனி:
அறையில் இல்லாதவருக்கு உறை மேசையின் எந்த ஓரத்தில் கிடந்தது என்பது எப்படித் தெரிந்ததோ!

சான்ரமோன்வாசி:
2025 முதல் மின்னணு வாக்கும் அனுமதி என்கிறார்களே, அதில் இந்த உறைத் தகராறு இருக்காதல்லவா?

பழைய பொருளாளர்:
தம்பி, சங்கம் தன் தேர்தல் விதியில் சேர்த்துக்கொண்டால்தான். பேச்சை மாற்றாதீர்கள். மீனலோசனி அம்மா, சாளரம் வழியாகப் பார்த்தேன், போதுமா? 5 இடத்துக்கு 17. யாராவது மறுத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள், எண்ணோடு. வசனம் வேண்டாம்.

வடக்குவாசல்:
கணக்கைப் போடுகிறேன். அதற்கு முன் கிளப் ஹவுஸ் சாளரத்துக்குத் திரை வாங்கிய செலவு ரசீதை நீங்கள் காட்டுங்கள்.

பழைய பொருளாளர்:
திரை வாங்கியது எனக்கு அடுத்து வந்த பொருளாளர். 17.