பணியாரக்கல்லில் எண்ணெய்ப் பூச்சு நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறோம். ஆயா புழங்கிய வார்ப்பிரும்புப் பணியாரக்கல், ஏழு குழி, இரண்டு பக்கமும் காது. கம்பெனி முத்திரை எதுவும் இல்லை. பல வருடம் பரணில் கிடந்ததைப் பொங்கலுக்கு இறக்கினோம். விரிசல் இல்லை.

மேல்பரப்பு நன்றாகக் கறுத்துப் பளபளக்கிறது. குழிக்குள்தான் தொல்லை. பணியாரம் அடியில் ஒட்டுகிறது, கம்பியால் திருப்பினால் கறுப்புச் செதிலும் கூடவே வருகிறது. நடுக்குழியில் ரொம்ப மோசம். உரிந்த இடத்தில் மறுநாளே செந்துரு. கடற்காற்று சும்மா விடுமா?

வடிகஞ்சியில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தாயிற்று. துருவுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரைமணி நேரம் ஊறவைத்தோம். துரு போனது, பழைய கரி அசையவில்லை. உடனே கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லத் தடவித் துடைத்துப் புகை வரும்வரை சூடாக்கினோம். ஒட்டல் குறையவில்லை. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று ஆளிவிதை எண்ணெய். அது கண்ணாடி மாதிரி இறுகி, இன்னும் பெரிய செதிலாக உரிந்ததுதான் மிச்சம். வீட்டு ஓவனில் காது இடிக்கிறது, அதனால் எல்லாமே கேஸ் அடுப்பில்தான். நான்ஸ்டிக் வாங்கச் சொல்லாதீர்கள், வீட்டிலேயே அதைச் சொல்ல ஆள் இருக்கிறது.

பழைய கரி முழுவதையும் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து எடுத்த பிறகுதான் மறுபடி எண்ணெய் ஏற்ற வேண்டுமா, இல்லை உரியும் குழிகளை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தால் போதுமா?