கேப்டன் ஆயிட்டேன், சீனியர் ஒருத்தர் முகம் கொடுத்து பேச மாட்டேங்குறார்

டர்பன்பையன்:
அண்ணன்மாரே ஒரு யோசனை சொல்லுங்க. டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் ஆடுற டீம், பாதி பேர் ஊர்ல இருந்து வேலைக்கு வந்தவங்க, பாதி இங்கயே பொறந்த தமிழ் பசங்க. இந்த சீசன் என்னைய கேப்டனா போட்டாங்க. ஒரு சீனியர் பவுலருக்கு ஃபார்ம் இல்ல, சனிக்கிழமை ராத்திரி குரூப்ல லிஸ்ட் போட்டேன் அதுல அவர் பேர் இல்ல, அதுலருந்து நான் எது போட்டாலும் ப்ளூ டிக் மட்டும்தான். நாலு மேட்ச் ஜெயிச்சா தானா சரியாயிடுவாரா இல்ல போய் பேசணுமா?

பீனிக்ஸ்அண்ணாச்சி:
தம்பி, லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. மனுசன் பொண்டாட்டி பிள்ளைங்க முன்னாடி போன திறந்து பாத்திருப்பார், பேர் இல்ல. 2019 ரக்பி வேர்ல்ட் கப் ஃபைனல்ல தென்னாப்பிரிக்கா கேப்டன் கோலிசியவே மேட்ச் முடியிறதுக்கு முன்னாடி வெளிய எடுத்தாங்க, அவர் மூஞ்சி தூக்கல, கப்ப தூக்கினார். கோச் ராஸி எராஸ்மஸுக்கும் அவருக்கும், கோலிசி கேப் டவுன்ல இளம் வீரரா ஆடினப்பலருந்தே பழக்கம், அதான் மனசுல எதுவும் வைக்கல.

ஜோபர்க்வாசி:
நான் ஒத்துக்க மாட்டேன். பழக்கம் பழக்கம்னு போனா கடைசில மாமன் மச்சான் டீம் ஆயிடும் 😀 நம்ம கிரிக்கெட் டெஸ்ட் கேப்டன் பவுமாவ எத்தன வருசம் கறுப்பின கோட்டால வந்தவர்னு பேசினாங்க, 2025ல லார்ட்ஸ்ல டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல தொடை தசை பிடிச்சு நொண்டிக்கிட்டே 66 அடிச்சார், வாய மூடிட்டாங்க. 1998க்கு அப்புறம் வந்த ஐசிசி கப். நீ ரன் அடி முதல்ல.

பீனிக்ஸ்அண்ணாச்சி:
அடிச்சார், இல்லங்கல. ஆனா அந்தப் பக்கம் 136 அடிச்ச மார்க்ரம் நின்னார்ல? கேப்டன் நொண்டுறப்ப அவர் காலுக்குத் தோதா ஓட ஒரு ஆள் வேணும்யா, அது நெட்ஸ்ல மட்டும் வராது. தம்பி, உக்கார வச்சது தப்பில்ல, மறுபடி எடுக்கணும்னு கட்டாயமும் இல்ல. நேர்ல போய் காரணத்த சொல்லு, புது பந்து போடுற சின்ன பசங்கள பாத்துக்க சொல்லி கேளு, ஆனா ஒப்புக்குக் கேக்காத, கண்டுபிடிச்சிடுவார்.

டர்பன்பையன்:
போன் போட்டேன் அண்ணே, அவர் சம்சாரம் அக்காதான் எடுத்தாங்க. சனிக்கிழமை வீட்ல ப்ரையாம் (கறி சுட்டு சாப்பிடுறது), வரச் சொல்லிட்டாங்க, அவருக்குத் தெரியுமானு தெரியல. கறி வாங்கிட்டுப் போகவா?

பீனிக்ஸ்அண்ணாச்சி:
கறி அவங்க வச்சிருப்பாங்க. கரி மூட்டை ஒன்னு தூக்கிட்டு எல்லாருக்கும் முன்னாடியே போயிடு, அடுப்பு பத்த வைக்கிறப்ப அவர் தனியாத்தான் நிப்பார்.