ஒரே ஏ4 தாளில் ஹாட் வீல்ஸ் மினி ஸீன்: பக்கம் அடுக்குவது எப்படி?

யீஷூன்_64
மலேசியாவுல தயாரான ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களைப் பத்தி எட்டுப் பக்க மினி ஸீன் (zine, குட்டி இதழ்) ஒண்ணு கையால செய்யுறேன். ஒரே ஏ4 தாள், ஸ்டேப்பிள் கிடையாது. கறுப்பு வெள்ளையில 30 நகல் எடுத்து சேகரிப்பாளர் சந்திப்புல கொடுக்கணும். மூணு சிக்கல்: மடிச்சா பக்க வரிசை குழம்புது, ஓரத்துல படம் வெட்டுப்படுது, சிவப்புக் காரெல்லாம் நகல்ல கறுப்புத் திட்டா விழுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மடிப்புக்காரி
தம்பி, தாளைப் படுக்கையா வச்சு நாலு கட்டம், ரெண்டு வரிசை போடுங்க. கீழ் வரிசை இடமிருந்து வலமா 8, 1, 2, 3, இது நேரா. மேல் வரிசை 7, 6, 5, 4, இது தலைகீழா. 1 முன்னட்டை, 8 பின்னட்டை. படம் ஒட்டுறதுக்கு முன்னாடி வெறும் தாள்ல எண் மட்டும் எழுதி மடிச்சுப் பாத்துடுங்க.

ஓரம் வெட்டுப்படுறதுக்குக் காரணம், பெரும்பாலான பிரிண்டர் விளிம்புல 4, 5 மி.மீ. அச்சடிக்காது. அதனால ஏ4 முழுசுக்கும் வரையாதீங்க. நடுவுல 280 × 200 மி.மீ. செவ்வகம் போட்டு அதுக்குள்ள வடிவமைங்க. ஒரு பக்கம் 70 × 100 வரும். அச்சடிச்ச பிறகு இடமும் வலமும் 8.5, மேலும் கீழும் 5 மி.மீ. வெட்டி எடுத்துட்டு, அப்புறம்தான் மடிக்கணும். முதல்ல மடிச்சா மடிப்பும் கட்டமும் ஒத்துப்போகாது. பிரிண்ட் செட்டிங்ல ‘ஃபிட் டு பேஜ்’ (தாளுக்கேத்த மாதிரி அளவை மாத்துறது) இருந்தா எடுத்துட்டு 100 விழுக்காடு வைங்க. பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கதான்.

நீளவாக்குல ஒரு மடிப்பு, குறுக்கே மூணு. எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் திருப்பி மடிச்சு, ஸ்கேல் முதுகால அழுத்தித் தேய்ங்க. பிறகு குறுக்கே பாதியா மடிச்சு, மடிஞ்ச விளிம்புலேருந்து நடுக்கோடு வழியா 70 மி.மீ. மட்டும் கத்தரிங்க. விரிச்சா 140 இருக்கும். கூடப் போச்சுன்னா 3-4, 7-8 பிடிச்சிருக்கிற இடம் கிழிஞ்சிடும். குறைஞ்சா நடுவுல உப்பிக்கிட்டு நிக்கும். கடைசியா நீளவாக்குல மடிச்சு ரெண்டு முனையையும் உள்ள தள்ளினா கூட்டல் குறியா விரியும், அதைச் சுத்தி மடக்குங்க.

தாள் கனம் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) போதும். 160 போட்டா மடிப்பு வெடிக்கும், இதழ் மூடாது.

தகரச்சக்கரம்
சிவப்புக்கு ஒரு வழி. நகல் எந்திரத்தை நம்பாமல், படத்தை நீங்களே போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எடிட்டிங் செயலியில் ‘பிளாக் அண்ட் ஒயிட் மிக்ஸ்’ இருந்தால் சிவப்பை மட்டும் ஏற்றுங்கள். கார் வெளிர்ச் சாம்பலாகி, கதவுக் கோடெல்லாம் தெரியும்.

படம் எடுக்கும்போது போனைக் காருக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். மூக்கு பெருத்துப் பின்சக்கரம் மங்கும். தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் போதும். ஜன்னல் வெளிச்சத்தை டிரேசிங் தாளால் மறைத்தால் பெயின்ட் பளபளப்பு அடங்கும்.

உள்ளடக்கத்தில் இரண்டு தவறு அடிக்கடி பார்க்கிறேன். அடித்தட்டில் இருக்கும் ஆண்டு அந்தக் கார் வார்ப்பு வடிவத்தின் காப்புரிமை ஆண்டு, கார் தயாரான ஆண்டு அல்ல. இன்னொன்று, எல்லாவற்றுக்கும் 1:64 (நிஜ வண்டியில் 64-இல் ஒரு பங்கு) என்று எழுதுவது. ஒரே அளவு பொதிக்குள் அடங்கும்படி பேருந்தும் லாரியும் இன்னும் சுருக்கப்பட்டவை.

அடித்தட்டில் உள்ள ‘மலேசியா’ என்ற எழுத்தைப் பென்சிலால் தேய்த்தே எடுங்கள், போட்டோவைவிட அழகு. சக்கரம் துருத்திக்கொண்டு தாளைப் படிய விடாது. அதனால் மெல்லிய டிஷ்யூ தாளைச் சக்கரங்களுக்கு இடையில் அடங்கும் பட்டையாக நறுக்கி, இரு முனையிலும் டேப் ஒட்டி, 4பி என்ற மென்மையான பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். எழுத்து புடைத்திருக்கும் கார்களுக்கே இது பலிக்கும்.

யீஷூன்_64
ரொம்ப நன்றிக்கா, நன்றிண்ணே. காரை அசல் அளவுல போட்டா 70 மி.மீ. பக்கத்துல முட்டுதே? ரெண்டு பக்கத்துல ஓட விட்டா நடுவுல பிசகுமா?

மடிப்புக்காரி
பிசகாது. 2-3, 4-5, 6-7 மூணு ஜோடியும் தாள்ல பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு, படம் ஒரே துண்டு. ஆனா கடை நகல் டோனர்ல (பொடி மையில) வரும். கரும் பரப்பு மடிப்பு மேல வந்தா உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும். காரோட ஜன்னலோ வெளிர்க் கதவோ மடிப்புல வர்ற மாதிரி நகர்த்திடுங்க.

30 நகலுக்கு சிங்கப்பூர்ல சன்ஷைன் பிளாசா, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் அச்சுக்கடைங்க இருக்கு. ஒண்ணு எடுத்து, வெட்டி மடிச்சுப் பாத்துட்டு மீதி 29க்குச் சொல்லுங்க. நம்ம ஊர் ஈரத்துல தாள் சுருளும், மடிக்கிற வரைக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே இருக்கட்டும்.