பலா மரத்தூள் போட்ட ஏலக்காய்ச் செடி மஞ்சளாகிறது, ஏன்?

வண்டன்மேடு தம்பி:
இங்கே எங்களுக்கு ஒரு ஏக்கர் ஏலம். போன இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பெரிய பலா ஒன்று சாய்ந்தது. உள்ளே பொந்து, அதனால் வியாபாரி மேல்பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு அடிமரத்தை அப்படியே போட்டுவிட்டார். மரத்தூளை வீணாக்க வேண்டாமென்று பத்துப் பன்னிரண்டு ஏலத் தூரில் (செடிக் குத்தில்) மண்ணோடு கொத்திக் கலந்துவிட்டோம். இப்போது அந்தத் தூர்கள் மட்டும் வெளிறி நிற்கின்றன. மக்கிய மரம் உரம்தானே? காட்டில் யார் உரம் போடுகிறார்கள்?

வால்பாறை:
மஞ்சள் முதலில் அடி இலையிலா, குருத்திலா?

வண்டன்மேடு தம்பி:
அடி இலையில்தான் அண்ணா.

வால்பாறை:
அப்படியானால் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறையாகத்தான் இருக்கும். மரத்தில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு, ஒரு பங்கு தழைச்சத்துக்கு 300 பங்குக்கு மேல்கூட கரிமம் இருக்கும். அதைத் தின்னும் பூஞ்சணத்துக்கு உடம்பு வளர்க்கத் தழைச்சத்து வேண்டுமே, மரத்தில் கிடைக்காததைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்கிறது. ஏலத்துக்கு வேர் மேலோட்டம், நீங்கள் தூளைக் கலந்ததும் அதே இடத்தில். உரம் ஆகும், ஆனால் மக்கி முடித்த பிறகு. முடிந்த வரை தூளை வழித்து எடுத்து மேலே மூடாக்காகப் பரப்புங்கள், நன்றாக மட்கிய சாணம் போடுங்கள்.

குமுளி அக்கா:
எல்லாச் சத்தும் ஒரே நேரத்தில் வராது தம்பி. சாம்பல் சத்து (பொட்டாசியம்) மரத்தோடு இறுகக் கட்டுப்பட்டதில்லை, ஆரம்ப மழைகளிலேயே கரைந்து இறங்கிவிடும். சுண்ணாம்புச் சத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) பூஞ்சணம் தனக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, அது சாகும்போதும் பூச்சி அதைத் தின்னும்போதும்தான் விடும். காட்டில் இலையும் சுள்ளியும் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருப்பதால் மரம் மெதுவாக மக்குவது அங்கே யாருக்கும் உறுத்துவதில்லை. அந்த அடிமரத்தை மட்டும் தயவுசெய்து அறுக்காதீர்கள், அது மண்ணுக்கு மேலே கிடப்பதால் ஏலத்திடமிருந்து பெரிதாக எதையும் பிடுங்காது. கறையான் ஏறினாலும் மருந்து அடிக்க வேண்டாம்.

வண்டன்மேடு தம்பி:
இன்று காலையில் தூளை வழித்துவிட்டேன். அப்புறம் அடிமரத்தின் பொந்துப் பக்கம் விரலை விட்டுப் பார்த்தேன், வெள்ளையாக நார் நாராகப் பிரிந்து வருகிறது, பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. பக்கத்துத் தூரிலிருந்து இரண்டு ஏலவேர் அதற்குள் ஒரு சாண் போயிருக்கிறது அக்கா. அந்தத் தூர் பச்சையாகத்தான் இருக்கிறது.