ஸ்பாஞ்ச் வைத்த பிறகு இருக்கை வலி கூடிவிட்டது, அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?

சுங்கை சிப்புட் வாசி (திங்கள் இரவு)

வணக்கம். வீடு சுங்கை சிப்புட், வேலை ஈப்போவில். போக ஏறக்குறைய 30 கிலோமீட்டர், வர 30. வண்டி பன்னிரண்டு வருடப் பழைய 100 சிசி கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள். கொஞ்ச நாளாகக் காலையில் சிம்மோர் வருவதற்குள்ளேயே உட்கார முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு மறுபக்கமாகச் சாய்ந்து, செம்பனை லாரிக்குப் பின்னால் நெளிந்துகொண்டே போகிறேன்.

போன வாரம் பழைய சோபாவிலிருந்து இரண்டு அங்குல ஸ்பாஞ்சை அறுத்து, இருக்கையின் மேல் வைத்து, புது ரெக்சின் உறை போட்டு நானே ஸ்டேப்பிள் அடித்தேன். முதல் நாள் மெத்தையில் போவது போல இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து வலி முன்பைவிட மோசம். போதாததற்கு ஏதோ முள் போலக் குத்தவும் செய்கிறது. புது இருக்கை வாங்கும் நிலையில் இல்லை. 50 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிய வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

பாரிட் புந்தார் பையன்

அண்ணா, இரவுச் சந்தையில் வலை போன்ற உறை விற்கிறார்கள். நான் 15 வெள்ளிக்கு வாங்கினேன். காற்றோட்டம் இருப்பதால் வேர்க்காது. மழையில் நனைந்தாலும் தண்ணீர் நிற்காது. ஆனால் கயிற்றை நன்றாக இழுத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது உறையோடு சேர்ந்து நீங்களும் முன்னால் போவீர்கள்.

தைப்பிங் சோபா தைப்பவன்

வலை உறை வேர்வைக்கு மருந்து, வலிக்கு அல்ல.

சுங்கை சிப்புட் நண்பரே, முதலில் எங்கே வலிக்கிறது என்று சொல்லுங்கள். உட்காரும்போது அடியில் தட்டுப்படும் இரண்டு எலும்புகளா, நடுவில் வால் எலும்பா, தொடையின் உள்பக்கமா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இன்னொன்று: ஓட்டும்போது அடிக்கடி முன்னால் வழுக்கி, மறுபடி பின்னால் நகர்ந்து உட்காருகிறீர்களா?

சோபா ஸ்பாஞ்ச் விஷயத்தில் நீங்கள் செய்தது எல்லாரும் செய்கிற தவறு. மெத்தென்று இருப்பதெல்லாம் சுகம் என்று நினைத்துவிடுகிறோம். அந்த ஸ்பாஞ்ச் வீட்டில் அரைமணி நேரம் தொலைக்காட்சி பார்ப்பதற்கு. சாலைக் குலுக்கலில் உங்கள் எடை இறங்கியதும் அது அப்பளமாக நசுங்கிவிடும். பிறகு எலும்பு நேராகக் கெட்டியான தளத்தில்தான் நிற்கிறது. இருக்கையில் முழங்கையை ஊன்றி முழு பலத்தையும் கொடுத்துப் பாருங்கள். அடியில் 'டொக்' என்று தட்டினால் அந்த ஸ்பாஞ்ச் குப்பைக்கு.

முள் குத்துவதாகச் சொன்னீர்கள். ஸ்டேப்பிள் ஊசியின் கால் எவ்வளவு நீளம்?

சுங்கை சிப்புட் வாசி

முழங்கை தட்டுகிறது ஐயா. ஊசி 10 மில்லிமீட்டர். வலி வால் எலும்பில்தான் அதிகம். நீங்கள் கேட்ட பிறகு இன்று கவனித்தேன். வீட்டிலிருந்து ஈப்போ போவதற்குள் பதினோரு முறை பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற கிராணி

இருக்கையைப் பிரிப்பதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள் தம்பி. பெட்ரோல் நிலையத்தில் அவசரத்துக்கு அடித்துவிட்டு வருகிறோம். பின் டயர் கல் மாதிரி இருந்தால் எந்த ஸ்பாஞ்சும் காப்பாற்றாது. வண்டிப் புத்தகத்தில் தனி ஆளுக்கு ஒரு கணக்கு, பின்னால் ஆள் ஏறினால் ஒரு கணக்கு போட்டிருக்கும்.

நான் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் செம்மண் சாலையில்தான் ஓட்டம். பழைய சைக்கிள் டியூபை வளைத்துக் கட்டி, துளி காற்று விட்டு, மேலே சாக்கு போட்டு உட்காருவோம். காற்று கூடினால் பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரி ஆடும். விரலால் அமுக்கினால் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் காற்று.

தைப்பிங் சோபா தைப்பவன்

கிராணி ஐயா சொன்ன காற்று முக்கியம். டியூபும் வேலை செய்யும், ஆனால் அது வளைவில் நழுவுவதைப் பார்த்திருக்கிறேன். தினம் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

பதினோரு முறை நகர்ந்தீர்கள் என்றால் நோய் தெரிந்துவிட்டது. இருக்கை முன்பக்கம் சரிந்திருக்கிறது. பன்னிரண்டு வருடத்தில் நீங்கள் உட்காரும் இடம் நசுங்கி, பின்னால் மேடு, முன்னால் பள்ளம். வழுக்கும்போது இடுப்பு பின்னால் மடங்கி, எடை வால் எலும்பில் விழுகிறது. அதனால் மேலே மெத்தை சேர்ப்பது பயனில்லை, சரிவைத் திருத்துங்கள்.

இருக்கையை வண்டியிலிருந்து கழற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். கப்சாயில் பெட்ரோல் தொட்டி அதற்கு அடியில்தான். பழைய ஊசிகளைத் தட்டைத் திருப்புளியால் நெம்பி, குறட்டால் பிடுங்குங்கள். சோபா ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, வண்டியோடு வந்த ஸ்பாஞ்சை வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் அடித்தளம். குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடும் வண்ண ரப்பர் பாய் இருக்கிறதல்லவா, அதில் இரண்டு துண்டு போதும். உட்காரும் இடத்தின் முன்பாதியில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் தொடங்கி, பின்னால் போகப் போக ஒன்றுமில்லாமல் மறையும் ஆப்பு மாதிரிச் சீவுங்கள். இரும்பு அறுக்கும் ரம்பத்தின் வெறும் பிளேடு நன்றாக அறுக்கும், சொரசொரப்பான உப்புத்தாள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தொடை படும் இரு விளிம்புகளையும் உருட்டிவிடுங்கள்.

உடனே ஒட்டாதீர்கள். ஆப்பை உறைக்கு வெளியே வைத்து, இறுகக் கட்டி, உங்கள் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) நாலு சுற்று மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகு ஒட்டுங்கள். மஞ்சள் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு அழுத்த வேண்டும். ஓரங்களில் மட்டும் தடவுங்கள். நடுவில் தடவினால் காய்ந்த பசையே தகடாகி உறுத்தும்.

ஊசி 6 மில்லிமீட்டர் வாங்குங்கள். உங்கள் 10 மில்லிமீட்டர் ஊசி பிளாஸ்டிக் தட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது. குத்தும் முள் அதுதான்.

குளுவாங் அக்கா

தம்பி, ஸ்பாஞ்சுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்துவிடு. தையல் ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கினால் ஸ்பாஞ்ச் மூன்று நாளைக்கு ஊறிக் கிடக்கும். வெளியே காய்ந்த மாதிரி தெரியும், உட்கார்ந்தால் கால்சட்டை நனையும். அலுவலகத்துக்குள் அப்படியே நடந்து போன அனுபவம் எனக்கு உண்டு.

ஜீன்ஸில் நடுவே தடித்த தையல் சேரும் இடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள். என் வலியில் பாதி அதனால்தான்.

சுங்கை சிப்புட் வாசி

நன்றி அக்கா. ஐயா, வீட்டில் அப்பாவின் பழைய ரப்பர் தலையணை ஒன்று இருக்கிறது, லேடெக்ஸ். அதை அறுத்துப் போடலாமா?

தைப்பிங் சோபா தைப்பவன்

கசக்கினால் மாவு உதிர்கிறதா என்று பாருங்கள். உதிராவிட்டால் அருமையான பொருள், அமுக்கினால் திருப்பித் தள்ளும். ஆனால் பெட்ரோல் பட்டால் ஊதி வீணாகும், வெயிலும் ஆகாது. உறைக்குள் ஒரு சென்டிமீட்டர் மேலடுக்காக மட்டும் போடுங்கள், ஆப்புக்கு வேண்டாம்.

ஓய்வு பெற்ற கிராணி

ரப்பர் பாலை நுரைக்க வைத்து மெத்தையாக்கும் வித்தையை 1929-இல் இங்கிலாந்தில் டன்லப் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். மரமோ 1877-இலேயே பக்கத்துக் கோலகங்சாரில் நட்டாகிவிட்டது. பால் இங்கிருந்து போனது, மெத்தை அங்கிருந்து வந்தது. நாங்கள் தோட்டத்து லய வீட்டில் பலகையில் படுத்தோம்.

சுங்கை சிப்புட் வாசி (அடுத்த ஞாயிறு)

நடந்ததைச் சொல்கிறேன். முதலில் சோம்பேறித்தனமாக, முன்பக்கக் கீலின் அடியில் வாஷர் அடுக்கி இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். 6 மில்லிமீட்டரில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இன்னும் இரண்டு வைத்தேன், பின்பக்கப் பூட்டு விழவில்லை. பூட்டாத இருக்கையோடு ஒரு மேட்டைக் கடந்தபோது உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. வாஷரையெல்லாம் கழற்றிவிட்டேன்.

பிறகு ஐயா சொன்ன ஆப்பு. ரப்பர் பாய் 12 வெள்ளி, பசை 6, ஊசி 5. தலையணை சும்மா. ரெக்சினை அரைமணி நேரம் வெயிலில் போட்டதும் தோல் போல இளகிக் கொடுத்தது. இருக்கையின் மூக்கில் ஓர் ஊசி, வாலில் ஓர் ஊசி, பிறகு இடம் வலம் மாற்றி மாற்றி அடித்தேன். ஒரு மூலையில் சுருக்கம் விழுந்துவிட்டது, கிடக்கட்டும்.

வால் எலும்புக்கு நேரே மூன்று விரல் அகலத்தில் ஒரு சின்னப் பள்ளம் எடுக்க நினைத்து, ரம்பப் பிளேடால் பிய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், உள்ளே போய் ரப்பர் மரம் சீவும் கத்தியை எடுத்து வந்தார். அவர் பால்மரம் வெட்டும் வேலையை விட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. கல்லில் நாலு இழுப்பு, கத்தியைத் தண்ணீரில் நனைத்தார், ஸ்பாஞ்சை முழங்காலில் அழுத்திப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தார். பட்டை மாதிரி நீளமாக ஒரே சீவல் வந்து விழுந்தது. அதன் மேல் இன்னொன்று. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆறு சீவல், அளவுகோல் வைக்கவில்லை. "இதற்கு மேல் போனால் மரம் காயப்படும்" என்று கத்தியைத் துடைத்து வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஈப்போ போய் வந்தேன். இரண்டு முறைதான் நகர்ந்தேன். வலி முழுதும் போகவில்லை, திரும்பி வரும்போது கடைசி ஐந்து ஆறு கிலோமீட்டரில் லேசாகத் தெரிந்தது. ஆனால் இறங்கியதும் நிமிர்ந்து நடக்க முடிந்தது.

இப்போது புதுப் புகார். பின்னால் உட்காரும் மனைவி, லேடெக்ஸ் அடுக்கு முடியும் இடம் படிக்கட்டு மாதிரி தொடையில் இடிக்கிறது என்கிறாள். அடுத்த வாரம் இருவரும் கல்லுமலைக் கோயிலுக்குப் போக வேண்டும்.

தைப்பிங் சோபா தைப்பவன்

அந்த அடுக்கின் பின்விளிம்பைச் செங்குத்தாக விட்டுவிட்டீர்கள். பின்பக்கம் எட்டு பத்து ஊசிகளை மட்டும் பிடுங்கி, விளிம்பை நாலு விரல் நீளத்துக்குச் சரிவாகச் சீவிவிடுங்கள், போதும். நீங்கள் சீவ வேண்டாம், அப்பாவிடம் கொடுங்கள்.

சுங்கை சிப்புட் வாசி

இதைப் படித்துக் காட்டினேன். கல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார்.