புதுப்பிப்பு: நல்லதங்காள் குறும்படம், கிணற்றுக் காட்சி

நல்லதங்காள் கதையைப் பினாங்குக்குக் கொண்டுவந்தால், ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளும் முடிவை வைக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். படப்பிடிப்பு முடிந்தது. முடிவை மாற்றவில்லை, ஆனால் கேமரா கிணற்றுக்குள் எட்டிப் பார்க்காது.

மூலக்கதையில் மானாமதுரைப் பஞ்சம், அர்ச்சுனாபுரத்தில் அண்ணன் வீடு. எங்களுடையதில் 1943, ஜப்பான்காரன் காலம். நல்லதங்காளின் கணவனைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். நிபோங் திபால் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. பிள்ளைகளோடு படகேறி ஜார்ஜ்டவுனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வருகிறாள்.

அண்ணியை வெறும் கொடுமைக்காரியாக்க வேண்டாம் என்று இங்கே ஓர் அக்கா எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. இப்போது அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்தியபின், காலியான அரிசி டின்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். படத்தில் என்னை அதிகம் உலுக்கிய காட்சி அதுதான்.

அடுத்து எடிட்டிங்.