ரோட்டாக்ஸ் 503 எஞ்சினை எடுத்துவிட்டு 912 போட்டால் பதிவு வகை மாறுமா? (கனடா, இரண்டு இருக்கை அல்ட்ராலைட்)

சிறகுக்காரன், ஒன்ராறியோ

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது இரண்டு இருக்கை அல்ட்ராலைட் (மிக இலேசான சிறு விமானம்), எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும் புஷர் வகை. பதிவில் அட்வான்ஸ்ட் அல்ட்ராலைட் என்று இருக்கிறது. எஞ்சின் ரோட்டாக்ஸ் 503, காற்றில் குளிரும் டூ ஸ்ட்ரோக், 50 குதிரைத்திறன். இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அந்த எஞ்சினின் உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டது, 300 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் செய்ய வேண்டும், உதிரிப்பாகங்களும் முன்பு போலக் கிடைப்பதில்லை. அதோடு கோடை வெயிலில் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் மேலேறுவதற்கு நிறைய யோசிக்கிறது.

எங்கள் திடலில் ஒருவர் ரோட்டாக்ஸ் 912 ஒன்றை விற்கிறார். 80 குதிரைத்திறன், ஃபோர் ஸ்ட்ரோக், லாக் புத்தகம் முழுதாக இருக்கிறது. வாங்கிவிடலாம் என்று மனது சொல்கிறது. ஆனால் என் விமானத்தின் தயாரிப்பாளர் கொடுத்த எஞ்சின் பட்டியலில் 503-உம் 582-உம் மட்டும்தான் உண்டு. 912 போட்டால் பதிவு என்ன ஆகும்? பேசிக் அல்ட்ராலைட் (தயாரிப்பாளரின் உறுதிமொழி கேட்காத வகை) ஆக்கிவிட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார், அமெச்சூர் பில்ட் (சொந்தக் கையால் கட்டிய விமானங்களுக்கான வகை) ஆக்கு என்று இன்னொருவர் சொல்கிறார். என்னிடம் அல்ட்ராலைட் பைலட் பெர்மிட்டும் பயணி ஏற்றும் ரேட்டிங்கும் இருக்கின்றன. பெரும்பாலும் மனைவியோடுதான் பறப்பேன், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பனிவயல், ஆல்பர்ட்டா

அண்ணா, மனைவியோடு பறப்பேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, எல்லாம் அதில்தான் இருக்கிறது. எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அதை முடிவு செய்யுங்கள்.

அட்வான்ஸ்ட் என்ற வகை எப்படி வந்தது என்றால், டிபி 10141 என்ற வடிவமைப்புத் தரத்துக்கு இந்த விமானம் ஒத்துப்போகிறது என்று தயாரிப்பாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கனடாவின் போக்குவரத்துத் துறையான ட்ரான்ஸ்போர்ட் கனடா உங்கள் விமானத்தைச் சோதித்துப் பறக்கத் தகுதியானது என்று சான்று எதுவும் தரவில்லை, தயாரிப்பாளரின் உறுதிமொழியை ஏற்றுக்கொண்டுதான் பதிவு கொடுத்திருக்கிறது. அந்த உறுதிமொழியில் எஞ்சினும் அடக்கம். எதை மாற்றினாலும் தயாரிப்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் இல்லாமல் 912-ஐ மாட்டினால் அந்த உறுதிமொழி செல்லாது, விமானம் அட்வான்ஸ்ட் வகையில் இருக்க முடியாது, பேசிக் என்று மறுபதிவு செய்ய வேண்டும். மறுபதிவு பெரிய வேலை இல்லை. சி-ஐ என்று தொடங்கும் பதிவு எழுத்துகள் இரண்டு வகைக்கும் பொது.

ஆனால் பேசிக்கில் பயணியை ஏற்றக் கூடாது. பயிற்சிக்காகப் பறக்கலாம். இல்லையென்றால் பக்கத்தில் உட்காருபவரும் அல்ட்ராலைட் ஓட்டத் தகுதியுள்ள பெர்மிட்டோ லைசென்ஸோ வைத்திருக்க வேண்டும், மாணவர் பெர்மிட் கணக்கில் வராது. உங்கள் பயணி ரேட்டிங் அட்வான்ஸ்ட் விமானத்துக்குத்தான் பயன்படும். அதாவது புது எஞ்சின் போட்ட நாளிலிருந்து மனைவி திடலில் நின்று கையசைக்க வேண்டியதுதான்.

தயாரிப்பு நிறுவனம் இன்னும் இயங்குகிறது என்றால் முதலில் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எஞ்சின் மாடல், எடை, எந்த மவுண்ட் என்பதையெல்லாம் குறிப்பிட்டுக் கேளுங்கள். போனில் சரி என்று சொன்னால் அது போதாது.

கிராங்க்கேஸ், பிரிட்டிஷ் கொலம்பியா

காகிதத்தைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது, நான் இரும்பைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு இதுதான் அதிகக் கவலை.

912 வெறும் எஞ்சினாகப் பார்த்தால் 60 கிலோவுக்குள்தான் வரும், அதை வைத்து ஏமாற வேண்டாம். ஆயில் டேங்க், ஆயில் கூலர், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், அதற்கேற்ற மவுண்ட், ஸ்டார்ட் செய்ய நல்ல பேட்டரி, எல்லாம் சேர்த்தால் 503 இருந்த இடத்தில் 25, 30 கிலோ கூடும். புஷரில் அந்த எடை முழுவதும் பின்னால்தான் உட்காரும். எடைமையம் பின்னுக்கு நகரும். இரண்டு பேர் இருக்கும்போது கணக்கு சரியாக வரலாம், நீங்கள் மட்டும் தனியாக முன்னால் உட்கார்ந்து பறக்கும்போது பின் எல்லையைத் தாண்டலாம். எடைமையம் அளவுக்கு மேல் பின்னால் போன விமானம் ஸ்டால் ஆகும்போது, அதாவது வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும்போது, மூக்கைக் கீழே இறக்க மறுக்கும், சுழலில் விழுந்தால் மீட்பது கடினம். மூக்கில் ஈயம் கட்டிச் சரிசெய்யலாம் என்பார்கள். கட்டலாம், ஆனால் அந்த ஈயமும் எடைதானே, பெட்ரோலுக்கும் ஆளுக்கும் மிச்சமாகும் எடையிலிருந்துதான் அது போகும்.

பேசிக் வகைக்கு உச்ச எடை 544 கிலோ, அட்வான்ஸ்ட் இரண்டு இருக்கைக்கு 560 கிலோ. இந்த எண்களைப் பார்த்துவிட்டு இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சட்டம் அந்த வகைக்குப் போட்ட கூரை. உங்கள் இறக்கையும் அதைத் தாங்கும் ஸ்ட்ரட்டும் எவ்வளவு எடைக்குக் கட்டப்பட்டவை என்பது வேறு எண். 503-க்கு வடிவமைத்த விமானத்தில் அது 544-ஐவிட நன்றாகவே குறைவாக இருக்கும். பதிவுச் சான்றில் ஒரு சொல் மாறியதால் அலுமினியக் குழாய்க்குப் பலம் கூடிவிடாது.

அப்புறம் உந்துவிசையின் கோடு. இந்த மாதிரி விமானங்களில் எஞ்சின் உயரத்தில் இருக்கும். த்ராட்டிலைக் கூட்டினால் மூக்கு கீழே போகும், எஞ்சின் நின்றால் மூக்கு மேலே வரும். 80 குதிரைத்திறனில் அந்த இழுப்பு இன்னும் பெரிது. கிளம்பிய உடனே, வேகம் குறைவாக இருக்கும்போது எஞ்சின் நின்றால், மூக்கு தானாக உயர்ந்து ஸ்டாலுக்குக் கொண்டுபோகும். கையும் மனமும் அதற்குப் பழகியிருக்க வேண்டும்.

எரிபொருள் வழியையும் விடாதீர்கள். 503-இல் கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பில் ஓடும் பம்ப். 912-க்கு எஞ்சினோடு சேர்ந்த மெக்கானிக்கல் பம்ப், கூடவே துணைக்கு ஒரு மின்பம்ப், டேங்க்குக்குத் திரும்பும் குழாய் எல்லாம் வேண்டும். பழைய புரொப்பெல்லரும் ஒத்துவராது, கியர்பாக்ஸ் விகிதமே வேறு. புஷர் என்பதால் ரேடியேட்டருக்குக் காற்று எங்கிருந்து வரும் என்பதையும் யோசியுங்கள், தரையில் சரியாக இருக்கும் வெப்பம் ஏற்றத்தில் எகிறிவிடும்.

என்னைக் கேட்டால் 582. தண்ணீரில் குளிரும் டூ ஸ்ட்ரோக், 65 குதிரைத்திறன். அடியில் மாட்டும் துளைகள் 503-க்குப் பொருந்தும், ரேடியேட்டரோடு சேர்த்தும் எடை கொஞ்சம்தான் கூடும், உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது, மனைவியின் இருக்கையும் பறிபோகாது. டூ ஸ்ட்ரோக்தான், 300 மணி நேரக் கணக்கு அதற்கும் உண்டு, அதை மறைக்கவில்லை.

வடக்குவாசல்

அமெச்சூர் பில்ட் ஆக்கினால் பயணியை ஏற்றலாமே, 912-உம் போட்டுக்கொள்ளலாமே? ஏன் யாரும் அதைப் பேசவில்லை?

பனிவயல், ஆல்பர்ட்டா

பேசலாம், ஆனால் பறந்துகொண்டிருக்கும் ஒரு அல்ட்ராலைட்டுக்கு அந்த வழி மிகவும் கடினம். பாதிக்கு மேற்பட்ட வேலையை ஒரு அமெச்சூர் தன் கையால் செய்தார் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், படங்கள், கட்டிய குறிப்பு, பொருள் வாங்கிய ரசீது எல்லாம். அமெச்சூர் பில்ட் விமானங்களை அரசின் சார்பில் சோதிக்கும் எம்டி-ஆர்ஏ அமைப்பின் ஆய்வாளர் இறக்கையின் உள்ளமைப்பை மூடுவதற்கு முன் பார்க்க வேண்டும், துணி போர்த்திய இறக்கையை யார் பிரித்துக் காட்டுவார்கள்? கிட் வாங்கிக் கட்டியவர் நீங்களாக இருந்து குறிப்பும் பத்திரமாக இருந்தால் கேட்டுப் பாருங்கள். கட்டியவர் வேறொருவர் என்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த வகையில் சி-எஃப் அல்லது சி-ஜி என்று தொடங்கும் புதிய பதிவு எழுத்துகள், சிறப்புத் தகுதிச் சான்று, முதல் 25 மணி நேரம் பயணி இல்லாமல் பறப்பது எல்லாம் உண்டு.

அதைவிட முக்கியம், அல்ட்ராலைட் பெர்மிட்டை வைத்துக்கொண்டு அமெச்சூர் பில்ட் விமானத்தை ஓட்ட முடியாது. குறைந்தது ரெக்ரியேஷனல் பெர்மிட் வேண்டும், அதற்கே 25 மணி நேரப் பறத்தல் பயிற்சி.

சிறகுக்காரன், ஒன்ராறியோ

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. விமானத்தைக் கட்டியவர் எனக்கு முந்தைய உரிமையாளர், துணி போர்த்துவதற்கு முன் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை, அதனால் அமெச்சூர் பில்ட் கதை முடிந்தது. கிராங்க்கேஸ் அண்ணா சொன்னபடி எடைமையக் கணக்கை 912-இன் எடையை வைத்துப் போட்டுப் பார்த்தேன். நான் தனியாகப் பறந்தால் பின் எல்லைக்கு வெளியே போகிறது. மூக்கில் ஈயம் கட்டினால் உள்ளே வருகிறது, ஆனால் பிறகு இரண்டு பேரும் முழு டேங்க் பெட்ரோலும் ஏறினால் உச்ச எடையைத் தாண்டுகிறது.

912 விற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தயாரிப்பாளருக்கு 582 பற்றிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன், அவர்கள் அங்கீகரிக்கும் மவுண்டும் ரேடியேட்டர் இடமும் எது என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் 503-ஐக் கழற்றுவேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது, பேசிக்கில் பக்கத்தில் உட்காரப் பெர்மிட் வேண்டுமென்றால் எத்தனை மணி நேரப் படிப்பு என்று மனைவி கேட்டார். 20 மணி நேர வகுப்பு, 10 மணி நேரப் பறத்தல் என்றேன். எஞ்சின் எதுவானாலும் தான் படிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். ரொறன்ரோவுக்கு வடக்கே அல்ட்ராலைட் பயிற்சி தரும் நல்ல ஆசிரியர் யாரையாவது தெரிந்தால் தனி மடலில் சொல்லுங்கள்.